தும்மல் விழுந்த பானை

1
இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. தியெபுகு ஊரில், பீர் காய்ச்சும் பெலாஜியின் முற்றத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள், அடுப்புப் பக்கம் நானும் நின்றிருந்தேன்.

'வானம் மேகமூட்டமாக…' (வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.)

முளைகட்டிய சிவப்புச் சோளத்தைக் காய்ச்சி வடித்த இனிப்பு ஊறல் பானைகளில் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பீராக நொதிக்கவைக்கும் நுரைமண்டியைச் சேர்க்கும்வரை அதில் ஒரு ஈரக்கை பட்டாலும் போதும், பீர் புளித்து நாறிவிடும். பெலாஜி கொதிநீரில் முக்கிய அகப்பையோடு காவல் நின்றாள். தங்கை ஒதீலின் கல்யாணம். ஊரே குடிக்க வரும்.

2
மாப்பிள்ளை சிரிமா வந்தான். குவென் இனத்தவன். பெலாஜியின் தகரா இனத்துக்கும் அவர்களுக்கும் ஒருவரையொருவர் கோபமில்லாமல் கிண்டலடித்துக்கொள்ளும் கேலி உறவு.

"என்னா வாசம்க்கா!" என்று பெரிய பானைமேல் குனிந்தான். தும்மினான்.

கொதிநீர் அகப்பை உயர்ந்தது.

"அடப்பாவி! குவென்காரன் மூக்குக்குக் கதவே கிடையாதாடா?" என்றாள் பெலாஜி.

"தகராக்காரங்க பீர்ல இதான் ருசியே!" என்றான் அவன். ஒதீல் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெலாஜி சிரிக்கவில்லை. "விறக எடு மாப்ள. மறுபடி காய்ச்சு."

(அவன் மறுப்பதாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

புதுச்சட்டையோடு ஊதினான், கிளறினான், கண்ணீர் விட்டான். திரும்ப ஆறவைத்தபோது துணி மூடிய பானையருகே அவனே காவல் நின்றான். அப்போது அவன் அப்பா சுரைக்குடுவையோடு வந்தார்.

"ஒரு வாய் மோந்துக்கறேன்."

"கிட்ட வராதீங்கப்பா!"

"பெத்த அப்பனுக்கேவாடா?"

"கையோட மோந்தா ஊறல் கெட்டுடும்ப்பா. அக்கா என்னைக் கொன்னுடுவா!"

"அப்போ நாளைக்கி நான் வரலைடா" என்று கிழவர் திரும்பி நடந்தார். சிரிமாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. பெலாஜி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

3
இரவு நுரைமண்டி சேர்த்த பானையில், காலையில் நுரை துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. வழக்கப்படி பெலாஜி முதல் வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு உரக்கச் சிரித்தாள். பலாஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம் முழங்கியது.

கிழவரும் வந்துவிட்டார், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல நடித்தபடி.

அடுத்த குடுவை யாருக்கு? கோபித்த சம்பந்திக்குக் கொடுத்தால் மரியாதை. காவல் காத்தவனுக்குக் கொடுத்தால் நியாயம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஒருவர் முகம் தொங்கிப்போகிறது.

பெலாஜி நிறைகுடுவையை நீட்டியபடி நிற்கிறாள். அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம். அவளுக்குக் கை வலிக்கிறது, நுரை வேறு வழிகிறது.