எல்லா வரியிலும் காற்று

"என் கவிதையில எந்த வரி உங்களுக்குப் பிடிச்சுது?"

"காத்து வருதே, அந்த வரி."

"எல்லா வரியிலயும்தான் காத்து வருது."

"அப்ப எல்லா வரியும்தான்."

டோரதி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்பு, பாடாங் கடற்கரையில், ஒரே தட்டு பசம்பூர்ப் பலகாரத்தை அவளும் இராயப்பனும் பங்கு போட்டுத் தின்ற ஞாயிற்றுக்கிழமை அது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"டேடி, தலையை நிமித்துங்க லா."

இராயப்பன் நிமிர்ந்தார். மகள் ஷேரன் அவருடைய டையை இறுக்கினாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. அறைக்கு வெளியே கூடத்தில், மல்லிகைக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவில், டோரதி பெட்டியில் படுத்திருந்தாள். பத்து மணிக்குக் கோயிலுக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் பாதர் வந்து வீட்டில் செபம் சொல்லிப் பெட்டியை மூடுவார்.

ஷேரன் ஒரு சிறு புத்தகத்தை அவர் கையில் வைத்தாள். அட்டையில் டோரதியின் படம். கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக ஷேரனே கடைக்கு ஓடி அச்சடித்துக்கொண்டு வந்தது. உள்ளே செபங்கள், பாட்டுகள். கடைசிப் பக்கத்தில் பத்துப் பதினைந்து வரி தமிழ்.

"இது மம்மியோட போயம். பழைய பேப்பர்ல இருந்ததப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன், கடைக்காரர் டைப் பண்ணிட்டாரு. பெட்டிய மூடுறதுக்கு முன்னால நீங்க வாசிக்கிறீங்க. பாதர்கிட்ட சொல்லியாச்சு."

"நீ வாசியேன்மா."

"எனக்கு எங்க டேடி தமிழ் படிக்கத் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான என்னைய மலாய் ஸ்கூல்ல போட்டீங்க." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதுவும் இல்லாம, மம்மியோட நம்பர் ஒன் ரசிகர் நீங்கதானே."

இராயப்பன் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வளைவும் சுழியும் புள்ளியுமாக எழுத்துகள் வரிசை கட்டி நின்றன. அவருக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

அவர் படித்தது பாதிரிமார் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில். தமிழ் வீட்டில் பேசுவதற்கு. கோயில் பாட்டுகளைக் காதால் கேட்டே நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தார். டோரதி ஆயர் ஈத்தாம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கவிதை எழுதுகிறவள். பத்திரிகையில் வந்த முதல் கவிதையை அவள் வெட்டிக் கொடுத்தபோது, இராயப்பன் அதைத் தன்னோடு, ஏசி மாட்டிக் கொடுக்கும் ஏர்கோன் கடையில் வேலை பார்த்த சந்திரசேகரனிடம் நீட்டினார். அவன் ஏணி மேல் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தான். "காத்தப் பத்தி எழுதியிருக்குடா. நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இராயப்பன் கடற்கரைக்குப் போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லும் பொய்க்கு ஆயுசு முழுக்கச் சோறு போட வேண்டியிருக்கிறது. மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பிக்குப் பக்கத்தில் பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருக்கும். வைத்துவிட்டு டோரதி அடுப்படிக்குப் போய், தேவையில்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பாள். அவர் கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக இறக்குவார். நியாயமான நேரம் ஆனதும், "காத்து நல்லா இருக்கு, டோரதி" என்பார். ஒரு தடவைகூட அது பிசகியதில்லை. அவள் எழுதிய எல்லாவற்றிலும் காற்று இருந்தது. அது உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

வாசித்துக் காட்டச் சொல்லி அவளிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தார். கல்யாணமான புதிதில் கேட்டிருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். இருபது வருடம் கழித்து அது வேடிக்கை இல்லை. போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபடி, வாக்கியத்தை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அதற்குள் தாதி ரொஸ்னா திரையை விலக்கி, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் அங்கிள் என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தார். அந்த நாளை டோரதிக்கு விடியவில்லை.

அவர் அடுப்படிக்குப் போனார். ருக்குமணி தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். டோரதிக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. இரண்டு நாளாக இந்த வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொள்கிறாள்.

"ருக்குமணி, கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன். இத ஒரு தடவ வாசிங்களேன். ரொம்ப வருசமாச்சு, மறந்து போச்சு."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. ருக்குமணி அதைப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள்.

"குடுங்கண்ணே. எனக்கும் வாசிக்கணும்போலத்தான் இருக்கு."

அவள் மெதுவாக வாசித்தாள்.

"கூரையைத் தூக்கிப் பார்த்தது காற்று.
உள்ளே நாங்கள் இருவர்,
ஒரு பானை, ஒரு பாய்.
எடுத்துக்கொள் என்றேன்.
எதை என்று தெரியாமல்
விட்டுப் போனது.

பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது.
நான் கதவைச் சாத்துவதில்லை.
அது வீசும்போதே
உள்ளே நின்று
தலை சீவிக்கொள்கிறேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷேரன் பிறப்பதற்கு முன் குடியிருந்த ஜெலுத்தோங் வாடகை வீடு. ஏர்கோன் கடையை மூடிவிட்டார்கள், ஒன்பது மாதம் அவருக்கு வேலையில்லை. அந்த மழைக்காலத்தில்தான் ஷேரனுக்கு முந்திய பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் புயல் காற்று தகரத்தைப் பெயர்த்தது. அவர் மேலே ஏறிக் கம்பியால் கட்ட, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அவள் வந்து ஏணியைப் பிடித்தாள். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இவளுக்கு மனசு கல் என்று அன்றைக்கு அவர் நினைத்தார்.

"இது பேப்பர்ல வந்தப்ப வாசிச்சிருப்பீங்களே" என்றாள் ருக்குமணி. "டோரதிகிட்ட என்ன சொன்னீங்க?"

"காத்து நல்லா இருக்குன்னு சொன்னேன்."

ருக்குமணி திரும்பி, சொட்டிய குழாயை இறுக்கி மூடினாள்.

"டோரதி பெருமையாச் சொல்லும் அண்ணே, 'எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல வாசிப்பாரு, அப்புறந்தான் ஊரே வாசிக்கும்'னு. எங்க வீட்டுக்காரரு மளிகைச் சீட்டத் தவிர ஒன்னத்தையும் வாசிச்சதில்ல. எனக்குப் பொறாமையா இருக்கும்."

"இன்னொரு தடவ வாசிங்க" என்றார் இராயப்பன்.

மூன்றாவது தடவையில் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பாட்டுப் பிடித்த காது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பதுகூடப் பதிந்துவிட்டது. இனிப் பயமில்லை. டோரதியின் பெருமை அவளோடு பத்திரமாகப் போய்விடும்.

பாதர் வந்தார். கூடம் நிறைந்தது. செபமாலை முடிந்து, தீர்த்தம் தெளித்து, பாதர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். இராயப்பன் பெட்டிக்கு அருகில் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ருக்குமணி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"கூரையைத் தூக்கிப் பார்த்தது காற்று."

குரல் நன்றாகவே வந்தது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஷேரன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"உள்ளே நாங்கள் இருவர், ஒரு பானை, ஒரு பாய்."

அடுத்த வரியும் தயாராக இருந்தது. ஆனால் அது ருக்குமணியின் குரலில் இருந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதுபோல, நிறுத்தி, தெளிவாக. டோரதி இதை எப்படிச் சொல்லியிருப்பாள்? 'எடுத்துக்கொள்' என்பதைக் கோபத்தோடா? சிரித்துக்கொண்டா? ஏணியைப் பிடித்தபடி மேலே பார்த்தாளே, அந்த முகத்தோடா? ருக்குமணிக்கு அது தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது.

அவர் நிறுத்திவிட்டார். அழுகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அழவில்லை.

"மன்னிக்கணும் பாதர்" என்றார். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எப்பவுமே தெரியாது. கட்டிக்கிட்ட நாள்லேருந்து இவகிட்ட சொல்லல."

"டேடி?" என்றாள் ஷேரன். கைப்பேசி கீழே இறங்கியது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பெட்டியைத் தூக்க வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி பார்க்கக் கையைத் தூக்கிய பாதர், பார்க்காமலே இறக்கினார்.

இராயப்பன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டார். அவள் முகத்துக்கு நேரே தன் முகம் வரும்படி குனிந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தை விரித்து, எழுத்து அவள் பக்கம் பார்க்கும்படி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார்.

"டோரதி, எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு" என்றார்.