நீலக் கவுனுக்கு அளவு பார்த்த நாள்

உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே, தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைக் காரணத்தோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் தையல்காரிதான். அப்படிப்பட்டவளுக்குத் தன் தலைக்கு மேலேயே குடியிருக்கும் மாடிக்காரியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றால் சாப்பாடு இறங்குமா? வந்து பல மாதம் ஆகிறது. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒயரை மாட்டி, யாரோ பேசியதை டைப் அடித்து அனுப்புவாள். சொந்தம் என்று ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இன்டர்நெட்கூட கீழ்வீட்டு லைன்தான். காதலித்து ஓடி வந்தவளா, கையாடிவிட்டு ஓடி வந்தவளா என்று தையல்காரி மனசுக்குள் இரண்டு கேஸையும் மாற்றி மாற்றி நடத்திக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்து அந்தச் சட்டம் வந்தது. இனி இன்டர்நெட்டைத் தொடுகிற எல்லோரும் அரசாங்கத்திடம் முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும். வீட்டில் பதியாத ஆள் ஒருவர் இருந்தாலும் லைனையே வெட்டிவிடுவார்கள். தையல்காரிக்கு ஆர்டரெல்லாம் போனில்தான் வரும். லைன் போனால் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு உட்கார வேண்டியதுதான்.

"ரெண்டு நிமிஷ வேலைடி. வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

"நாளைக்குக்கா. இன்னிக்கு ஒரே தலைவலி."

தலைவலி, காய்ச்சல், முகத்தில் பரு என்று சாக்குகள் தீர்ந்தபோது, பதிவதற்கு அரசாங்கம் கொடுத்த கெடுவும் கடைசி நாளுக்கு வந்திருந்தது. தையல்காரி மீந்த நீலத் துணியில் ஒரு கவுனை வெட்டி ஓட்டுத்தையல் போட்டு, "சும்மா கிடந்த துணி, உனக்குத்தான். வா, அளவு பாத்துடலாம்" என்று கூப்பிட்டாள். மாடிக்காரி இறங்கி வந்தாள். புதுத்துணி என்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்?

கண்ணாடியில் சாய்த்து வைத்த போனை அவள் கவனிக்கவில்லை. இடது தோளில் துணி நிற்காமல் சரிந்தது. எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. "பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள். தையல்காரி கவுனின் அந்தத் தோளை ஒரு விரல் அகலம் இறக்கி ஊசி குத்தினாள்.

"நேரா பாரு. இப்ப இடது பக்கம் திரும்பு. வலது பக்கம். ம்ம், கண்ணச் சிமிட்டு."

"கவுனுக்கு எதுக்குக்கா கண்ணச் சிமிட்டணும்?"

"தையக்காரி நீயா நானா? சொன்னதச் செய்."

மாடிக்காரி சிரித்துவிட்டாள். அந்தப் பல்வரிசையைத் தையல்காரி அன்றுதான் பார்த்தாள். போனும் பார்த்தது. பச்சை வட்டம் ஒன்று சுழன்று நின்றது. முகம் கிடைத்ததும் மிச்சத்தை அரசாங்கமே நிரப்பிக்கொண்டது: வேறொரு பெயர், பிறந்த ஊர், கணவன் பெயர். அதற்குக் கீழே, புதிதாக, இந்த வீட்டு விலாசம்.

"முடிஞ்சுது, போ! புருஷன் இருக்கான்னு ஒரு வார்த்த சொன்னியாடி, கல்லுளிமங்கி!"

மாடிக்காரி திரையைப் பார்த்தாள்.

"அழிச்சிடுக்கா."

"அழிக்க வழி இல்லையே..."

"அவன் அந்தப் பதிவு ஆபீஸ்லதான் உக்காந்திருக்கான்." கை தானாக இடது தோளுக்குப் போனது. "எம் பேரு எப்ப வந்தாலும் மொதல்ல அவனுக்குத்தான் தெரியும்னு சொல்லியிருக்கான்."

ஊசியோடு கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடியேறினாள். ஒரு பையோடு இறங்கினாள்.

"எங்கடி போவ?"

"உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்க்கா."

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் சுருக்கென்றது. ஆனாலும் ஜன்னலுக்குப் போகாமல் தையல்காரியால் இருக்க முடியுமா? எந்த முனையில் நின்றாள், எந்த பஸ்ஸில் ஏறினாள், எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் ஆபீஸ் அட்டையுமாக ஒருவன் வாசலில் நின்றான். நல்ல மரியாதையான ஆள். செருப்பைக்கூட வெளியிலேயே விட்டுவிட்டு வந்தான்.

"அக்கா, மாடில இருந்தவங்க எங்க போனாங்க? லைன் உங்க பேர்லதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

தையல்காரி டப்பாவைத் திறந்து ஒரு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். பிறகு இன்னொன்று.

அவன் காத்திருந்தான். அவசரமே இல்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பியவன், அங்கே தொங்கிய நீலக் கவுனின் இறங்கிய இடது தோளைப் பார்த்தான். பழகிய ஆளைத் தொடுவதுபோல் அந்த இடத்தை மெல்ல நீவிவிட்டான்.

தையல்காரி அடுத்த ஊசியை எடுத்தாள். டப்பாவில் இன்னும் நிறைய இருந்தது, உதட்டில்தான் இடமில்லை.