ஆட்டுக்கிடை, உடனே வலது

ராயப்பராஜின் பச்சை பியட் காரை இஞ்ஞாசியம்மாள் ஒருநாளும் 'கார்' என்று சொன்னதில்லை. 'அவ' என்றுதான் சொல்லுவாள். "அவ இன்னும் வாசல அடைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாளா?" என்று கேட்கும்போது, சக்களத்தியைப் பற்றி விசாரிக்கிற தொனி குரலில் அப்படியே இருக்கும். கோபத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மகள் ரீனா சர்ச்சில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கிய அன்றைக்கு, வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக அந்தப் பிள்ளை நாகல் நகரிலிருந்து கோயில்வரைக்கும் நடந்தே போனது. கார் ஜாக்கி மேல் நின்றது. அதனுடைய கியர்பாக்ஸ், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் படுத்திருந்தது. வந்த விருந்தாளிகள் தரையில் பாய் போட்டுச் சாப்பிட்டார்கள். பத்து வருசமாகியும் மேசையிலிருந்த ஆயில் கறை போகவில்லை, இஞ்ஞாசியம்மாள் மனசிலிருந்தும் போகவில்லை.

ராயப்பராஜ் மோசமான மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. லேத் பட்டறை வைத்திருந்தார், பூசைக்குப் போனார், பெண்டாட்டி சம்பளத்தில் கை வைத்ததில்லை. நவம்பர் வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். திண்டுக்கல் மோட்டார் நண்பர்கள் சங்கம் வருசா வருசம் மழைக்காலமாகப் பார்த்து ஒரு ரேலி நடத்தும். ஒவ்வொரு வண்டியாக, இரண்டு நிமிடம் விட்டு அனுப்புவார்கள். காட்டுப் பாதை, கண்மாய்க் கரை, சேறு, பள்ளம் எல்லாம் தாண்டி மூன்று கட்டங்களையும் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நோட்டுப் பார்த்து வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ராயப்பராஜ் ஆறு வருசம் கலந்துகொண்டார். ஆறு வருசமும் முடித்ததில்லை. ஒரு தடவை ஆக்சில் போனது, ஒரு தடவை ரேடியேட்டர். ஒரு தடவை காரே வாய்க்காலுக்குள் போய், பெட்ரோல் டேங்க்குக்குள்ளிருந்து தவளை எடுத்தார்கள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தொண்ணூற்றேழாம் வருசம் ரேலிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆறு வருசமும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன ரேடியோ கடை அப்துல் சுக்கூர் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். பக்கத்தில் ஆள் இல்லாமல் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ராயப்பராஜ் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கல்யாணம் இருந்தது.

அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்ததை இஞ்ஞாசியம்மாள் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருசமாக மேய்த்தவள். அழுகையை அடக்குகிற முகம் அவளுக்குத் தெரியாதா?

"நான் உக்காருறேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? ஆனா ஒரு கண்டிசன். இந்த வருசமும் முடிக்காம வந்தீங்கன்னா, அவள வித்துப்புடணும். சூசையப்பர் மேல சத்தியம் பண்ணுங்க."

ராயப்பராஜ் சுவரிலிருந்த சூசையப்பர் படத்தின் மேல் கை வைத்தார். சத்தியம் பண்ணினார்.

வாயால் சொன்னதோடு இஞ்ஞாசியம்மாள் விட்டுவிடுகிற ஆளில்லை. பேகம்பூரில் பழைய வண்டி வாங்கி விற்கிற முகமது பாரூக்கிடம் மறுநாளே போய், "ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு ரேலி முடியிற எடத்துக்கு லாரியோட வந்துருங்க பாய். வண்டிய அங்கேயே ஏத்திரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கணவரிடமும் இதை மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை, பாதையை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்க விட்டார்கள். சுக்கூர் எழுதுவது எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக இருக்கும். இஞ்ஞாசியம்மாளுக்கு அதெல்லாம் சரிப்படவில்லை. புது நோட்டுக்கு அட்டை போட்டு, சிவப்பு மையில் தன் வழியில் எழுதினாள். 'பெரிய புளி, இடது, மெதுவா.' 'கோழிப்பண்ணை நாத்தம் வந்ததும் நேரா, மிதிக்கலாம்.' 'ரெட்டைக் கிணறு, மூச்சப் பிடிச்சுக்கிட்டு வலது.' சாணார்பட்டி தாண்டிக் கடைசிக் கட்டத்தில், ஒன்றைப்போலவே இருந்த நாலைந்து வண்டிப்பாதைகள் பிரிந்தன. சங்கத்துக்காரர்கள் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். மழை வந்தால் அது போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. சுற்றிப் பார்த்தாள். முக்கில் ஒரு காட்டில் மூங்கில் தட்டிகளை வட்டமாக நட்டு, உள்ளே நூறு ஆடுகளை அடைத்திருந்தார்கள். இதைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? 'ஆட்டுக்கிடை, உடனே வலது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

ராயப்பராஜ் அப்போது கண்மாய்க் கரையில் சறுக்கல் எங்கே இருக்கிறது என்று இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. டீச்சர் எழுதியதைத் திருத்துவதற்கு யாருக்குத் தைரியம் வரும்?

வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் மழை கொட்டித் தீர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு இருவரும் நேராகப் போட்டிக்குப் போனார்கள். கொண்டை போட்டிருந்ததால் ஹெல்மெட் இஞ்ஞாசியம்மாள் தலையில் இறங்க மறுத்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டாள். தலையில் இருந்த மல்லிகையை என்ன செய்வதென்று தெரியாமல் காரின் கண்ணாடியில் சுற்றினாள். சுற்றிவிட்டுத்தான், அவளுக்குப் போய் பூ வைத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதல் கட்டத்தில் முக்கால்வாசி கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். "அருள் நிறைந்த மரியே... கோழிப்பண்ணை... மாதாவே... நேரா!"

"செபமா நோட்டா, எதையாச்சும் ஒண்ணச் சொல்லு இஞ்ஞாசி!"

"ரெண்டும் தேவைப்படுது, நீங்க ஓட்டுங்க!"

இரண்டாம் கட்டத்தில் கண்ணைத் திறந்தாள். கண்மாய்க் கரையில் வண்டி பக்கவாட்டில் சறுக்க, ராயப்பராஜ் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் தட்டி அதை நேராக்கினார். லேத்தில் ஒரு மயிரிழை சீவுவாரே, அந்தக் கை. பட்டறைப் பக்கமே போகாதவளுக்கு அவர் வேலை செய்கிற முகம் இப்போதுதான் தெரிந்தது. கண் விரிந்து, உதடு லேசாகப் பிரிந்து, மூப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. இந்த மனுசன் இம்புட்டு அழகா என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வளைவை ஒரு நொடி தாமதமாகச் சொன்னாள்.

இரண்டு கட்டம் முடிந்தபோது இருபத்திமூன்று வண்டியில் பத்து நின்றுபோயிருந்தது. பியட் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பத்துக்குள் கடைசிக் கொடியைத் தொட்டால் போதும், எந்த இடத்தில் வந்தாலும் முடித்த கணக்குத்தான். கையில் முக்கால் மணி நேரம் இருந்தது. பாதைதான் அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. ராயப்பராஜ் மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தார்.

சாணார்பட்டி தாண்டியது. அவள் நினைத்தது போலவே சுண்ணாம்பு அம்பு ஒன்றுகூட மிச்சமில்லை. மழைக்குள்ளே, இடப்பக்க மேட்டில் மூங்கில் தட்டிகளும் ஆடுகளும் தெரிந்தன.

"ஆட்டுக்கிடை! உடனே வலது!"

ராயப்பராஜ் வலது திருப்பினார். பாதை இரண்டு வேலிகளுக்கு நடுவே இறங்கியது. குறுகியது. பிறகு பாதையே இல்லை, உழுத காடுதான் இருந்தது. பின்சக்கரம் இரண்டும் அச்சுவரைக்கும் புதைந்து, இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

கோணித் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். சோலைமுத்து என்று பேர் சொன்னார்.

"எங்க தாயி போறீக? இது வீரன் காடு. இதுக்கு மேல வழி இல்லையே."

"கிடை இருந்துச்சே... வெள்ளிக்கெழம பாத்தேனே..."

"அது அந்த முக்குல. மழைக்குப் பள்ளத்துல தண்ணி கட்டிருச்சு, மேட்டுக்கு மாத்திப்புட்டேன். மழை இல்லேன்னாலும் கிடைய ஒரே காட்டுல வச்சுக்க முடியுமா? இன்னைக்கு ஒரு காடு, நாளை மறுநாள் ஒரு காடு. எரு வேணும்னு எல்லாரும் கேப்பாகல்ல?"

கிடை இடம்விட்டு இடம் நடக்கும் என்பது டவுனில் பிறந்து வளர்ந்த டீச்சருக்கு எப்படித் தெரியும்?

ராயப்பராஜ் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'ஆட்டுக்கிடை' என்ற சொல்லையும் அதன் கீழே இருந்த இரண்டு கோட்டையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"நான் வேணும்னு செய்யலங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

அந்தப் பதிலிலேயே சந்தேகம் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. வண்டி ஒழிய வேண்டும் என்று நினைத்தவள்தான். லாரி வரச் சொன்னவளும் அவள்தான். அதற்காக இருபத்திரண்டு வருசம் கூடவே இருந்தவள் புருசனைப் பொய் சொல்லிக் கவிழ்ப்பாளா? அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"அண்ணே, அந்தத் தட்டிய சக்கரத்துக்கு அடியில குடுக்க முடியுமா?"

சோலைமுத்து திகைத்தார். "தட்டிய எடுத்தா ஆடு பூராம் வெளிய வந்துருமே தாயி."

"வராது. நான் நிக்கிறேன்."

நின்றாள். இரண்டு தட்டி எடுத்த இடைவெளியில் கையை அகல விரித்துக்கொண்டு, "ஏய்! யாரு எந்திரிச்சது? உக்காரு!" என்று மூன்றாம் வகுப்புக் குரலில் ஒரு அதட்டுப் போட்டாள். நூறு ஆடும் அப்படியே நின்று அவளைப் பார்த்தன. எதற்கும் பயப்படாத குட்டி ஒன்று மட்டும் காலிடுக்கில் நுழைந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கீழே ராயப்பராஜும் சோலைமுத்துவும் தட்டிகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். மூன்றாவது முயற்சியில் மூங்கில் படபடவென்று முறிய, பியட் பின்பக்கமாகத் துள்ளி மேலே ஏறியது. சைலன்சர் காட்டிலேயே தங்கிவிட்டது. இடப்பக்கக் கதவு மூடவில்லை. சோலைமுத்து ஆட்டுக் கயிற்றால் அதைக் கட்டிக்கொடுத்தார். இஞ்ஞாசியம்மாள் குட்டியை அவரிடம் கொடுத்து, தட்டி முறிந்ததற்காக மன்னிப்புக் கேட்கப்போனால், "அட போங்க தாயி, நேரமாகுதுல்ல!" என்று விரட்டினார்.

"பதினாலு நிமிசம் இருக்கு. மிதிங்க!" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

சைலன்சர் இல்லாத வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே ராயப்பராஜ் கத்தினார்: "நீ வேணும்னே செஞ்சியோன்னு ஒரு நிமிசம் நெனச்சேன்தான் இஞ்ஞாசி! பொய் சொல்லல! நீ குட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு நின்ன பாரு, அப்பயே போயிருச்சு! மன்னிச்சிரு!"

"ரெட்டைக் கிணறு!" என்று அவளும் கத்தினாள். "மன்னிச்சுட்டேன்! வலது!"

நத்தம் பக்கத்து மாந்தோப்புதான் முடிவு. கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வண்டிக்கு அடியில் ஏதோ முறிந்தது. இருவரும் இறங்கித் தள்ளினார்கள். ஹெல்மெட்டோடு, முழங்கால் சேற்றில், ஏலேலோ போடாத குறையாகத் தள்ளிக் கோட்டைத் தாண்டினார்கள்.

மேசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த பழனிக்குமார் எழுந்தார். ஆறு வருசமாக ராயப்பராஜ் பாதியில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்.

"அண்ணே, பன்னெண்டு பன்னெண்டு ஆச்சு." குரலைத் தாழ்த்தினார். "யாரும் கடிகாரத்தப் பாக்கல. பத்துன்னு போட்டுக்கவா?"

பேனா அட்டையின் மேல் நின்றது. போடுங்கள் என்று சொல்ல இஞ்ஞாசியம்மாளுக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது, டீச்சராக இருந்தும்.

ராயப்பராஜ் மறுத்துத் தலையசைத்தார். "வேணாம் தம்பி. உள்ளதப் போடு. இவ பக்கத்துல உக்காந்து வந்த வண்டி. கள்ள நேரம் போட்டு அதக் காப்பாத்த மனசு வரல."

மாமரத்தடியில் லாரியோடு காத்திருந்த பாரூக் பாய் தயங்கித் தயங்கி வந்தார். ராயப்பராஜ் சாவியைக் கழற்றி, சேற்றைச் சட்டையில் துடைத்து, பெண்டாட்டி கையில் வைத்தார். அவர் கண் காரின் கண்ணாடியில் வாடிக் கிடந்த மல்லிகை மேல் இருந்தது.

இஞ்ஞாசியம்மாள் சாவியை மூடிப் பிடித்தாள்.

"பாய், வண்டி விக்கிறதுக்கு இல்ல."

"சத்தியம் பண்ணியிருக்கேனே" என்றார் ராயப்பராஜ்.

"சத்தியம் வாங்குனவ நான்தானே? திருப்பிக் குடுத்துட்டேன். தப்பு எங்கிட்ட. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டு, பிள்ளைய பெயிலாக்கலாமா?" சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்ததில் சேறு கன்னத்துக்கும் வந்தது. "அடுத்த வருசம், கால் மொளச்சு நடக்குற எதையும் எழுத மாட்டேன். மரம், கெணறு, பாறை, அம்புட்டுத்தான்."

அடுத்த வருசம் என்று அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள ராயப்பராஜுக்குச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும், ஐம்பது வயதான அந்த மனிதர் பத்துப் பேர் பார்க்க, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

பாரூக் பாய் தலையைச் சொறிந்தார். "அப்ப லாரிய என்ன டீச்சரம்மா பண்றது?"

"வந்ததுக்கு இவள வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க பாய்" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "ஆனா கியர்பாக்ஸ் மட்டும் சாப்பாட்டு மேசைக்கு வந்துச்சு, நடக்குறதே வேற."