மந்திரி வாங்கிய அடிகள்

சுதந்திரம் வந்த ஒன்பதாம் நாள் வார்டருக்கு ஒரு காக்கி உறை வந்தது. இருபத்திரண்டு வருஷம் சிறையில் சாவிக்கொத்தோடு வாழ்ந்தவர் அவர். தபாலில் அவர் பெயருக்கு ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. போராட்டக் கைதிகளைக் கைநீட்டி அடித்த ஊழியர்களை விசாரிக்க மூவர் குழு அமைத்திருக்கிறார்களாம். அடித்தது உறுதியானால் வேலையும், சிறை வளாகத்துக் குடியிருப்பும் அன்றோடு போய்விடுமாம். கீழே புதிய மந்திரியின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து வார்டருக்குப் பழக்கமானது. ஆறு வருஷம் ஏழாம் அறையிலிருந்து வெந்நீர் கேட்டும் செய்தித்தாள் கேட்டும் வந்த துண்டுச்சீட்டுகளில் பார்த்தது.

"அவரை அடிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"அவரையா? ரொட்டியைப் பிசைஞ்சு காய் பண்ணி ஆறு வருஷம் சதுரங்கம் ஆடினோம். ஒருநாள் என் குதிரையை எடுத்துத் தின்னுட்டாரு. அப்ப கையைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான்."

"நேத்து மைதானத்துல பேசும்போது தினம் நூறு அடி வாங்கினேன்னு சொன்னாராமே. எங்க அண்ணன் கேட்டு அழுதுட்டு வந்தான். ஏழாம் அறைக்கு வார்டர் நீங்க ஒருத்தர்தானே?"

வார்டர் உறையை மடித்துப் பையில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மந்திரி அலுவலகத்துக்கு நடந்தார்.

"உள்ளதான் இருக்கார். மத்தியானத்திலேருந்து வெளியவே வரல," என்றார் செயலாளர்.

வார்டர் கதவைத் திறந்தார். கதவுக்கு நேர் பின்னால், இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, மந்திரி விறைப்பாக நின்றிருந்தார்.

"நூத்திப் பதினாறு," என்று பழைய கைதி எண்ணைச் சொன்னது வார்டரின் வாய், அவரைக் கேட்காமலே.

"ஆஜர்," என்றார் மந்திரி.

இருவரும் சிறிது நேரம் வேறு வேறு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது திறப்பாங்கன்னு நின்னேன்யா. அரை மணியாச்சு."

"கைப்பிடி உங்க பக்கமும் இருக்கு ஐயா."

"தெரியும். கை போக மாட்டேங்குது."

வார்டர் உறையை மேசைமேல் வைத்தார். "ஐயா, நான் உங்களை எத்தனை அடி அடிச்சேன்?"

மந்திரி நாற்காலியில் சரிந்தார். "கூட்டத்தைப் பாத்ததும் வாயில வந்துடுச்சுய்யா. வார்டரோட சதுரங்கம் ஆடினேன்னு சொன்னா எவன் கை தட்டுவான்?"

"தினம் நூறுன்னா ஆறு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் தாண்டுது. என் தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?"

"சரி. மொத்தமா நூறு."

"நாப்பது."

"ரொம்பக் கம்மியா இருக்கே."

"நாப்பதுன்னா நம்புவாங்க ஐயா. நீங்க உள்ள வந்ததைவிட ரெண்டு சுத்து பெருத்துதானே வெளிய போனீங்க?"

மந்திரி தொந்தியைத் தடவிப் பார்த்து, நாற்பதுக்கு இறங்கினார். அடித்தது யார் என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. சிறையின் தலைமை அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை, கொடி இறங்கிய அன்றே கப்பல் ஏறிவிட்டார். அவர் நினைவு இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அவர் கைதிகளின் பக்கமே வந்ததில்லை, பாவம். நாள் முழுக்க ரோஜாச் செடிகளோடு கிடந்த மனிதர்.

விசாரணையில் வார்டர் வாக்குமூலம் கொடுத்தார். "அடிச்சது துரை. நான் பக்கத்துல நின்னு எண்ணினேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் உள்ளே இருந்தவர்தான், பதினொரு நாள். பதினொன்றும் பல்வலியோடு ஆஸ்பத்திரி வார்டில். "அப்ப என்னை அடிச்சதையும் எண்ணியிருப்பீரே?" என்றார் மெதுவாக.

மந்திரியைத் தாண்டக் கூடாது என்பது வார்டருக்குச் சட்டென்று உறைத்தது. "முப்பத்தஞ்சு," என்றார். குழுவில் மற்ற இருவருக்கும் முப்பத்திரண்டு, முப்பது. அவர்கள் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வார்டர் குற்றமற்றவர் ஆனார். அதோடு விடவில்லை. தியாகிகளுக்குச் சான்றிதழ் கொடுக்க எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சிறைவாசலில் மேசை போட்டு அவரையே உட்காரவைத்தார்கள். படிவத்தில் மூன்று கட்டங்கள்: பெயர், அடி எத்தனை, அடித்தவர் யார். மூன்றாவதை எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கியதால் துரை பெயருக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டார்.

வரிசை தெருமுனை வரை போனது. "என் மச்சானுக்கு இருபது போட்டீங்களாம். நான் அவனைவிட இளப்பமா?" என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். உறவினரைப் பார்க்க வந்து வாசலில் தடுக்கி விழுந்தவர் அதை அரை அடியாகவாவது சேர்க்கச் சொன்னார். இரண்டு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, துரை சாப்பிடக்கூட நேரமில்லாமல் அடித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

பதினைந்தாம் நாள், போராட்டத்தில் உள்ளே போயிருந்த அச்சுக்கோப்பவர் ஒருவர் வந்தார். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. வார்டரின் பேனா நின்றது.

கைதிகள் முற்றத்தில் கோஷம் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. அடிக்கச் சொல்லி எவரும் உத்தரவிடவில்லை. வெயில், இரைச்சல், எதற்கென்றே தெரியாத ஒரு கோபம். வார்டரின் தடி அந்தத் தோளில் இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகும் தடி இறங்கியது.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் அச்சுக்கோப்பவர்.

"தோள் எப்படி இருக்கு?"

"மழை வர்றதை முன்னாடியே சொல்லிடுது. அச்சாபீஸ்ல திரும்ப வேலை குடுக்கத் தாள் கேக்கறாங்க. அதான் வந்தேன்."

"எத்தனைன்னு போட?"

"ஒண்ணு போடுங்க, போதும். கூடப் போட்டா எங்க அம்மா பாத்துட்டு அழுவாங்க."

அத்தனை பெரிய வரிசையில் குறைத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். வார்டர் முத்திரையைக் கையில் எடுத்தார், வைத்துவிட்டார். 'மூன்று' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது அச்சுக்கோப்பவருக்குத் தொழில். "வேணாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "வீடு போயிடும்."

சான்றிதழில் மந்திரி கையெழுத்துப் போடவேண்டும். வார்டர் அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போனார். மந்திரி படித்தார், மறுபடி படித்தார்.

"என்னய்யா இது?"

"நடந்தது ஐயா."

"நீ அடிச்சவன்னு ஆயிட்டா, நீ எண்ணினது ஒண்ணு நிக்குமா? என் நாப்பது போச்சு. குழுத் தலைவரோட முப்பத்தஞ்சு போச்சு. பாதி மந்திரிசபை வீட்டுக்குப் போகணும். சுதந்திரம் வந்து ஒரு மாசம் ஆகல, பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழலைய்யா."

மந்திரி அந்தப் பெயரை அடித்து, மேலே துரையின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். "அவனுக்கு வேலை கிடைக்கும். உனக்கு வீடு நிக்கும். போ," என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சிறைவாசலில் காத்திருந்த அச்சுக்கோப்பவர் தாளை வாங்கிப் பார்த்தார். அடித்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"துரைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு," என்று சொல்லி, தாளை மடித்து வலது கையால் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வார்டர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசல்படியிலேயே நின்றிருந்தாள். மேசையில் நடந்தது அதற்குள் வளாகம் முழுக்கப் பரவியிருந்தது.

"வீடு?"

"இருக்கு."

அவள் மூச்சு விட்டாள். பிறகு, எதையோ சரிபார்ப்பதுபோல் கேட்டாள். "அப்ப நீங்க யாரையும் அடிக்கலைன்னு ஆயிடுச்சா?"

"ஆமா," என்றார் வார்டர். "அப்படித்தான் ஆயிடுச்சு."