அக்கரை வட்டத்து ரொட்டி

ரொட்டிப் படிக்கட்டின் மேல்படியில் நின்ற தலசியோஸ் அந்த வெண்கலத் தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கிழவரிடமே நீட்டினான். "பெரியவரே, இது இங்க செல்லாது. உங்க வீட்டு ரொட்டிய உங்க மருமக வாங்கிட்டா. அதோ கூடையோட நிக்கிறா பாருங்க."

கிழவர் ருஸ்டிகுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. தகட்டின் மேலிருந்த எழுத்தை விரலால் குத்திக் காட்டினார். "அக்கரை வட்டம்னு வெட்டியிருக்கு. என் பேரு வெட்டியிருக்கு. படிக்கத் தெரியாதவனையெல்லாம் படிக்கட்டுல நிக்க வச்சா இப்படித்தான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூடையோடு நின்ற பெலாகியாவுக்கு முகம் எரிந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் வீட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்க ரொட்டி உண்டு. ஊரின் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு படிக்கட்டு. தகட்டைக் காட்டினால் மேல்படியில் நிற்பவன் எண்ணிக் கொடுப்பான். ரோமாபுரியிலும் இதே ஏற்பாடுதான், இதே மாதிரித் தகடுதான். கிழவர் கையிலிருந்தது அந்த ஊர்த் தகடு, அங்கே ஆற்றுக்கு அக்கரையிலிருந்த வட்டத்தின் தகடு. ஊர் சூறைபோனபோது மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, மகன் சாபினுஸின் தோளைப் பிடித்துக்கொண்டு கப்பலேறியவர், இடுப்பில் முடிந்துகொண்டு வந்த ஒரே பொருள்.

நல்ல நினைவோடு இருந்த காலத்தில் மாமனாரும் மருமகளும் ஊர்ப்பெருமை பேசுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அவர் லத்தீனில் தொடங்குவார், இவள் கிரேக்கத்தில் முடிப்பாள், நடுவில் சாபினுஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஏழு குன்றுன்னு சொல்றீங்களே, ஆறைக் காட்டிட்டு ஏழாவதுக்கு ஒரு மண்மேட்டைக் காட்டறீங்க" என்பார். "உங்க ஏழு குன்றுலயும் இப்ப ஆடுதான் மேயுதாம், மாலுமிங்க சொல்றாங்க" என்பாள். "உங்க சதுக்கத்துல நிக்கிற சிலையெல்லாம் ஊர் ஊராத் தூக்கிட்டு வந்தது." "நல்லதுதானே மாமா, எங்களுக்குத் தூக்கத் தெரியுது, உங்களுக்குக் காப்பாத்தத் தெரியல." ஒரே ஒரு நாள் அவள் எல்லை மீறினாள். எங்கள் மதிலை எவனும் தாண்டியதில்லை, உங்கள் ஊருக்குள் வந்தவர்கள் ஆற அமரக் கொள்ளையடித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லிவிட்டாள். கிழவர் கையிலிருந்த ரொட்டித் துண்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு தண்ணீரைப் பற்றிச் சண்டை போட்டாள், மீனைப் பற்றிப் போட்டாள், மதிலை மட்டும் வாயில் எடுத்ததே இல்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு நினைவு தடம் மாறியது. பாதிக் குற்றம் இந்த ஊரின் மேல்தான் என்று சொல்ல வேண்டும். இதைக் கட்டிய பேரரசர் ரோமாபுரியைப் பார்த்துப் பார்த்துத்தானே கட்டினார். பதினாலு வட்டம், ஏழு குன்று, தேரோட்டத் திடல், ரொட்டிப் படிக்கட்டு. தூண்களும் படிக்கட்டும் கண்ணில் பட்டதும் தன் ஊருக்கே வந்துவிட்டதாகக் கிழவர் நம்பிவிட்டார். நிம்மதியாகவும் இருந்தார். அவர் தகட்டுக்கு மட்டும் இந்த ஊர் ரொட்டி கொடுக்கவில்லை. அது அவரைப் போட்டு அரித்தது.

"அப்ப இது என் ஊரு இல்ல" என்றார் ருஸ்டிகுஸ். குரலில் கோபம்கூட இல்லை. "என் ரொட்டி அங்க காத்துக்கிட்டிருக்கும். நான் வரேன்."

அவர் துறைமுகத்துப் பக்கம் இறங்க ஆரம்பித்தார்.  மேற்கே போகும் கப்பல் ஒன்று கீழே பாய் கட்டிக்கொண்டிருந்தது. நேற்றே அதன் பலகையில் ஏறிவிட்டவரைப் பெலாகியா கையைப் பிடித்து இழுத்துவந்திருந்தாள். மாலுமிகளுக்கு என்ன, ஒரு கிழவர் வருகிறேன் என்றால் ஏற்றிக்கொள்வார்கள். அந்த உடம்பு பாதிக் கடலைத் தாண்டாது. தாண்டினாலும் அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? சாபினுஸ் தானியக் கப்பலில் அலெக்சாந்திரியாவுக்குப் போயிருந்தான். போகும்போது, "அப்பாவ விட்டுடாத பெலாகியா" என்று மட்டும்தான் சொன்னான்.

இது ரோமாபுரி இல்லை மாமா, இல்லை மாமா என்று இவள் சொல்லாத நாள் இல்லை. பொய் சொல்ல மனசில்லாமல் பாதி, ஊர் ரோஷத்தில் பாதி. ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அவர் துறைமுகத்துக்குத்தான் கிளம்பினார். இது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் விறுவிறுவென்று படியேறிப்போய், கூடையிலிருந்த ஒரு ரொட்டியை எடுத்துத் தலசியோஸின் பெட்டியில் திரும்பப் போட்டாள்.

"என்னம்மா, காய்ஞ்சிருக்கா?"

"இத அவரோட தகட்டுக்குக் குடு. கூப்பிட்டுக் குடு. இது ரோமாபுரின்னு சொல்லிக் குடு."

தலசியோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த ஊருக்காரன் நான். ஓட்டை விழுந்த அந்த ஊர் பேர நான் எதுக்குச் சொல்லணும்?"

"நீயா சொல்லச் சொல்ற?" என்றாள் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மத்ரோனா. "உங்க மாமனாரோட நீ போடற சண்டை என் அடுப்படி வரைக்கும் கேக்கும். கடைசியில நீயே தோத்துட்டியா?"

"தோத்தேன்னே வச்சுக்க" என்றாள் பெலாகியா. அவள் கண் கீழே போய்க்கொண்டிருந்த வெள்ளைத் தலையை விட்டு நகரவில்லை. "தலசியோஸ், அரசாங்கக் கல்வெட்டுல நம்ம ஊருக்கு என்ன பேரு? புது ரோமாபுரி. நீ அந்தப் 'புது'வ மட்டும் விட்டுடு. உனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

தலசியோஸ் அசையவில்லை. சட்டம், கணக்கு என்று ஏதோ முணுமுணுத்தான்.

"சொல்லேன்யா" என்றாள் மத்ரோனா. "மனுஷன் இறங்கிப் போயிட்டே இருக்காரு."

தலசியோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு பேர் கூப்பிடும் தன் வழக்கமான கணீர்க் குரலில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டான். "ரோமாபுரி, அக்கரை வட்டம், ருஸ்டிகுஸ். ரொட்டி வந்திருக்கு. ருஸ்டிகுஸ் எங்கப்பா?"

வெள்ளைத் தலை நின்றது. மெல்லத் திரும்பியது. கிழவர் ஏறி வரும்போது வரிசை தானாகவே ஒதுங்கி வழிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்தவர்கள்தான். ஒருத்தன் அவர் முழங்கையைப் பிடித்துக் கடைசிப் படியில் ஏற்றிவிட்டான். "அக்கரை வட்டத்துக்குத்தானே எப்பவும் முதல் ரொட்டி, போங்க போங்க" என்றாள் மத்ரோனா.

தலசியோஸ் தகட்டை வாங்கி, வாசித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். ரொட்டியையும் கொடுத்தான். கிழவர் அதைத் தட்டிப் பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோனார்.

"அடி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றார்.

"நாளைக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றான் தலசியோஸ். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் வாயிலிருந்து வேறு பதில் வந்திருக்கும்.

படியிறங்கி வந்த கிழவர் பெலாகியாவின் முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். தன்னை யாரென்று கேட்கப்போகிறார் என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"நீ சாபினுஸ் பொண்டாட்டிதானே" என்றார். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவள் கையில் வைத்தார். "சாப்பிடும்மா. பாவம், உங்க ஊர விட்டுட்டுக் கடல் தாண்டி இவ்வளவு தூரம் எங்க ஊருக்கு வந்து கிடக்கற. நானும் உன்ன ரொம்பத்தான் சீண்டிட்டேன். ஊரு ஊருன்னு நீ சண்டை போடறது ஏக்கத்துலன்னு எனக்குத் தெரியாதா?"

 இந்தப் படிக்கட்டுக்குப் பின்தெருவில் பிறந்தவள் பெலாகியா. கடல் தாண்டியது கிடக்கட்டும், மதிலுக்கு வெளியே போய் ஓர் இரவு தங்கியதில்லை. ஆனாலும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சொந்த ஊரில் இருந்துகொண்டு, ஊரைத் தொலைத்தவளைப் போல அழுதாள்.

"அழாத. இங்க உனக்கு என்ன குறை? நான் இருக்கேன்ல" என்றார் அவர். "வா, வீட்டுக்குப் போலாம். வழி தெரியுமா உனக்கு?"

"தெரியாது மாமா" என்றாள் பெலாகியா. "நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் கூடையை வாங்கிக்கொண்டு, வீடு வலப்பக்கம் இருக்க, இடப்பக்கம் திரும்பினார். அவள் பின்னாலேயே போனாள். எந்தத் தெருவில் சுற்றினாலும் திருப்பிக் கூட்டிவர அவளால் முடியும். ஆனால் தெரு வளைந்த இடத்தில் வீடுகள் விலகி, கீழே துறைமுகம் முழுசாகத் தெரிந்துவிட்டது. மேற்கே போகும் கப்பல் பாய் விரித்து நகர ஆரம்பித்திருந்தது. கிழவர் நின்றுவிட்டார். அவள் அவர் மேலாடையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கப்பலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கூடையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவளைச் சுற்றிக் கடல் பக்கமாக வந்து, தன் மெலிந்த உடம்பால் மறைத்துக்கொண்டு நடந்தார்.

"அந்தப் பக்கம் பாக்காத பொண்ணே" என்றார். "உனக்கு ஊர் ஞாபகம் வந்துடும்."