பதினான்காவது வளைவு

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்குச் சரளைப் பாதைகளைக் காலையில் இரவல் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பாதையைப் பாய்போலச் சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம். ஊருக்கு வெளியே விரித்து, ஓட்டி முடித்து, மறுபடி சுருட்டிக் கொண்டுவந்து இரவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். கண்மாய்களைத் தண்ணீர் சிந்தாமல் சுருட்டவும் என்று வாசலில் பலகை இருக்கிறது. பாதையோரம் குடியிருப்பவர்கள் சுருட்டும் நேரம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார்கள். மலையைச் சுருட்ட வேண்டியதில்லை. அது பின்னாலேயே நடந்து வந்துவிடும்.

நிலையத்தின் பொறுப்பாளர் போதுமணி. இருபத்திரண்டு வருட சர்வீஸ். திரும்பி வரும் பாதைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பின்புற மைதானத்தில் விரித்துப் போட்டு, தானே சைக்கிளில் ஏறி, கண்மாய்களையும் திராட்சைப் பந்தல்களையும் வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். ஓட்டி வந்தவர்களையும் சும்மா விடமாட்டார். ஷூவைக் கழற்றித் தட்டச் சொல்வார், கல் விழுகிறதா என்று பார்க்க. கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பார், திராட்சை வாசம் அடிக்கிறதா என்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் ஒரு கொக்கைப் பிடித்த நாளிலிருந்து, ஹெல்மெட் போட்ட யாரையும் அவர் நம்புவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் எண் பாதையை எடுத்துப் போனவர் பல் டாக்டர் மெர்சி. தேனியில் கிளினிக் வைத்திருப்பவர், வாரம் தவறாமல் வருகிறவர். ஒன்பதாம் எண் என்பது மூன்று கண்மாய், பதினொரு பந்தல், ஒரு மலை, இருபத்தேழு வளைவு. மாலையில் போதுமணி ஓட்டிப் பார்த்தார். கண்மாய் சரி. பந்தல் சரி. மலை வேலியோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வளைவு மட்டும் இருபத்தாறுதான் இருந்தது.

இன்னொரு முறை ஓட்டினார். வளைவுக்கு வளைவு நட்டிருந்த எண் கல்லில் பதின்மூன்றுக்கு அடுத்தது பதினைந்து.

"டாக்டரம்மா, பதினாலாவது வளைவு எங்க?"

"கொடுத்ததைத்தான் சுருட்டிக் கொண்டுவந்தேன் சார்."

"பையைத் தெறங்க."

பையில் ஒரு பம்பும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. வளைவை ஒளித்துவைக்க வாழைப்பழம் தோதான இடம் என்று போதுமணிக்குப் பட்டது. இரண்டையும் உரித்துப் பார்த்தார்.

விதி எளிமையானது. காணாமல் போன வளைவு மூன்றாம் நாள் மாலைக்குள் கிடைக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். அந்த வளைவைப் பார்த்து வாசல் வைத்திருக்கும் வீட்டையும், அந்த வீட்டிலிருக்கிறவர்களையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். பதினான்காவது வளைவில் இருந்தது ஒரே ஒரு வீடு. அது போதுமணியின் தம்பி சுருளிவேலின் வீடு.

தம்பியோடு அவருக்கு எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா செத்த பிறகு திராட்சைத் தோட்டத்தைப் பிரித்தபோது, சுருளிவேல் வரப்பை ஒரு முழம் நகர்த்திவிட்டான் என்று அவருக்குச் சந்தேகம். அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. உடனே அளவுநாடா மேல் சந்தேகம் வந்தது. சந்தையில் நின்று நாலு பேர் கேட்கும்படி தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் மாலை ஒன்பதாம் எண்ணை ஓட்டும்போது, பதின்மூன்றாவது வளைவு முடிந்ததும் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். பதினைந்து வந்த பிறகுதான் நேராகப் பார்ப்பார்.

புதன்கிழமை தேனிக்குப் போய் டாக்டரின் கிளினிக்கைச் சோதனை போட்டார். இழுப்பறைகளைத் திறந்தார். நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். பல் வார்ப்பு ஒன்று நல்ல வளைவாக இருந்தது, ஆனால் சரளை இல்லை. நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த ஒரு பெரியவரின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார். அவர் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து காட்டினார்.

"நானும் எண்ணுறவதான் சார்," என்றார் மெர்சி. "அந்த இடத்துல வண்டி போனப்போவே தெரிஞ்சுது. பல்லு விழுந்த எடத்த நாக்கு தேடுமே, அந்த மாதிரி சக்கரம் தேடுச்சு. நீங்க அந்த வளைவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

போதுமணி நோட்டை எடுத்தார். டாக்டர் பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்தார். கழிக்க வேண்டிய பெயர்களை எழுதப் பேனாவைத் திறந்தார். சுருளிவேல், அவன் மனைவி வனராணி. இரண்டே பெயர்கள். சிறு வயதில் காய்ச்சலில் கிடந்த தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் அவன், "எறக்கி விட்றாதண்ணே" என்று முனகிக்கொண்டே வந்தான். பேனாவை மூடிவிட்டார்.

பிறகு ஒன்பதாம் எண்ணைத் தானே இரவல் எடுத்தார். கொடுப்பவர் என்ற இடத்திலும் வாங்குபவர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கிளம்புமுன் தன் ஷூவைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.

பாதையை விரித்து ஓட்டினார். முதல் கண்மாயில் தண்ணீர் நிறையக் கிடந்தது. பந்தல்களில் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. மலை கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தது. பதின்மூன்றாவது வளைவு முடிந்ததும் கழுத்து பழக்கத்தில் தானாகத் திரும்பப் பார்த்தது. போதுமணி ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துத் தாடையைப் பிடித்து முகத்தை நேராக வைத்துக்கொண்டார்.

பாதை நேராகப் பதினைந்துக்குப் போனது. வலப்பக்கம் பந்தலுக்கு அப்பால் தம்பியின் வீடு பாதையில்லாமல் நின்றது. பந்தலுக்கடியில் ஏதோ கனமானதை இழுத்துப் போன தடம் இருந்தது, அதில் அங்கங்கே சரளைக்கல் சிந்திக் கிடந்தது. தடம் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போயிருந்தது.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"சோதனை போட வந்திருக்கேன்," என்றார்.

"வாண்ணே," என்றான் சுருளிவேல். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அது எந்த வருடம் நரைத்தது என்று போதுமணிக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

பதினான்காவது வளைவு வீட்டுக்குள் இருந்தது. வாசலில் தொடங்கி, டிவியைச் சுற்றி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நல்ல சரிவோடு வளைந்து, அடுப்படிக்குள் போய் முடிந்தது. எண் கல்லை வனராணி மாவுச் சட்டியின் மேல் மூடியாக வைத்திருந்தாள்.

"நீதான் எடுத்தியா?"

"நான்தாண்ணே."

"ஏன்டா?"

"எட்டு வருசமா தெனம் வாசலோட போற. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. ரோடு வாசலோட போனாத்தான நீ வாசலோட போவ? உள்ள வந்துச்சுன்னா நீயும் உள்ள வந்துதான ஆகணும்." சுருளிவேல் கீழே பார்த்தான். "வரப்ப நான் நகத்தலண்ணே. இத நகத்துனேன்."

போதுமணி தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்கிறவன் முகம் அவருக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் தேடியிருக்கிறார். அந்த முகத்தில் அது இல்லை. கண் கலங்கியது. சரளைத் தூசி என்று சொல்லலாமா என்று யோசித்தார், சொல்லவில்லை.

"என் தப்புதான்டா," என்றார்.

பிறகு ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி வளைவை ஓட்டினார். டிவியைச் சுற்றி, கட்டிலோரம் சாய்ந்து, அடுப்படியில் பிரேக் பிடித்தார். இருபத்தேழு. வனராணி சட்டியிலிருந்து கல்லை எடுத்துத் துடைத்து நட்டாள். தோசை வார்க்கத் தொடங்கினாள். எல்லாம் ஒழுங்காக இருந்ததால் எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று போதுமணி முடிவு செய்தார். கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டில், "வளைவு 14: இருக்கிறது. ஓட்டுபவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வரவும்," என்று எழுதினார்.

அடுப்படிக்குள் வெளிச்சம் குறைந்தது. மலை அவரைத் தேடி வந்து, வாசலில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெயில்ல நிக்குதே, உள்ள வரச் சொல்லுங்க," என்றாள் வனராணி, இன்னொரு தட்டை எடுத்தபடி.

மலை தன் அடிவாரத்தைக் கழற்றி, ஷூவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தது. அந்த அடிவாரத்தை யாரும் எடுத்துப் போய்விடாதபடி போதுமணி வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டார்.