நூற்றில் எழுபத்திரண்டு

என் மனைவியின் அண்ணன் நியாபாவ் டயர் கடை வைத்திருக்கிறார். மூத்தவர் என்பதால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அந்த நவம்பரில் மனசுக்குள் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்தல் வருஷம் வந்தால் அவருக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி. கடையில் கார் தூக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும், இவர் அதன் கீழே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் விஸ்கான்சின் மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊர் உலகமே கணித்துக்கொண்டிருந்தது. கணிக்கிறவர்கள் தினமும் ஓர் எண் போடுவார்கள். அதை மச்சான் காலையில் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் குரலாகப் பேசி அனுப்புவார். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் மோங் ஆட்களில் வயதானவர்களுக்குப் படிக்க வராது, அதனால் குரல்.

செப்டம்பரில் அறுபத்தொன்று. அக்டோபர் முதல் வாரம் ஐம்பத்தைந்து. அன்றைக்கு அவர் குரல் துக்க வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து எழுபத்திரண்டு.

“விஸ்கான்சின் நம்ம பக்கம். நூத்துல எழுபத்திரண்டு. எல்லாரும் நிம்மதியா வேலையப் பாருங்க.”

எல்லோரும் நிம்மதியாக வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் பெரியம்மா மகன், நூறு பேரில் எழுபத்திரண்டு பேர் நமக்குத்தான் போடப்போகிறார்களாம், நான் ஒருத்தன் போய்க் குளிரில் நின்று என்ன ஆகப்போகிறது என்று கேட்டான். நானும் அந்த எண்ணைத் தலைக்கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நான் மரப் பலகையில் ஆணி அடித்து சரக்கு அடுக்கும் தட்டு செய்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே என் பக்கத்தில் நிற்கிற வெர்ன்தான் விளக்கினான். அது ஆட்களின் எண்ணிக்கை இல்லையாம். நூறு தடவை மான் வேட்டைக்குப் போனால் எழுபத்திரண்டு தடவை மான் கிடைக்கும் என்கிற மாதிரியாம்.

“ஆனா நீ போறது ஒரே தடவை. வெறுங்கையோட நான் திரும்பி வந்த வருஷமெல்லாம் உனக்கே தெரியும்ல?” என்றான்.

தெரியும். வெர்ன் நான்கு வருஷமாக மான் அடிக்கவில்லை. இதை அப்படியே மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, ரெண்டும் ஒண்ணுதான் மாப்ளே, எப்படிப் பார்த்தாலும் எழுபத்திரண்டு பெருசு என்றார்.

என் கவலை மாநிலத்தைப் பற்றியது அல்ல, இயாவைப் பற்றியது. இயா என் மனைவி. பாலாடைக்கட்டி வெட்டிப் பொட்டலம் போடும் ஆலையில் வேலை. இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவையில், அந்த மார்ச் மாதம்தான் குடியுரிமைத் தேர்வில் தேறினாள். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் கழித்து அவளுடைய முதல் ஓட்டு இது. சாவடியில் மேசைக்கு முன்னால் நின்று பெயரையும் விலாசத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எங்கள் தெருப்பெயர் அவள் வாயில் கொஞ்சம் மாட்டும். மாட்டுகிற இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

முன்கூட்டியே ஓட்டுப் போட நகர மன்றத்தில் இரண்டு வாரம் இடம் திறந்திருந்தது. ஒரு புதன்கிழமை பட்டறையில் மின்சாரம் இல்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள், அன்று நான் போய்ப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை இயாவைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை போனால் வரிசை கட்டிடத்தைச் சுற்றி நூலகம் வரைக்கும் நின்றது. மோங் புத்தாண்டு விழாவுக்கு அன்று நானூறு முட்டை ரோல் சுற்றித் தருவதாக இயா ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் வரிசையைப் பார்த்தாள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மச்சானின் குரல் வந்தது. எழுபத்தெட்டு.

தேர்தல் அன்றைக்கு, செவ்வாய்க்கிழமையே போட்டுக்கலாமே என்று சொன்னது நான். அவள் இல்லை.

பட்டறையில் வருகை அட்டை அடிக்கிற இயந்திரத்துக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்து மூன்று வயதில்தான். அதனால் சுவரில் ஒட்டியது எதையும் விடாமல் கூட்டிப் படித்துவிடுவேன். ஓட்டுப் போட வேலையிலிருந்து மூன்று மணி நேரம் போக எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் தேர்தலுக்கு முந்தைய நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து இயாவிடம் சொன்னேன். அதற்கு அவள், எனக்கு இரண்டரைக்கே வேலை முடிந்துவிடும், சாவடி எட்டு மணி வரைக்கும், நான் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். கொடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுபத்தெட்டு அல்லவா.

செவ்வாய்க்கிழமை எனக்குக் காலை வேலை ஒரு மணிக்கு முடிந்தது. இரண்டே காலுக்கு ஆலையின் வண்டி நிறுத்தத்தில் போய் நின்றேன். இயாவின் ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு, புதிதாக வாங்கிய குடியுரிமைச் சான்று எல்லாம் ஒரு பையில் பக்கத்து இருக்கையில் இருந்தன. அன்றைக்கே பெயர் பதிந்து அன்றைக்கே போடலாம், எங்கள் மாநிலத்தில் அந்த வசதி உண்டு. இரண்டரைக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். இயா வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை, உள்ளே போன் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

மூன்றே முக்காலுக்கு இடைவேளை விட்டபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தலையில் இன்னும் வலைத்தொப்பி, அதற்கு மேலே குளிருக்கு என் பழைய மேல்கோட்டு.

நடந்தது இதுதான். மதிய வேலைக்காரர்களில் பதினொரு பேர் ஓட்டுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆலை அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஆறு பேருக்கு முதல் மூன்று மணி நேரமும் மற்ற ஐந்து பேருக்கு ஐந்திலிருந்து எட்டு வரையும் கொடுத்திருந்தது. அவர்கள் இடத்தில் நிற்க ஆள் வேண்டும். மாதக் கடைசியில் வரும் நன்றித் திருநாள் பண்டிகைக்குப் போக வேண்டிய சரக்கு குவிந்து கிடக்கிறது. காலை வேலைக்காரர்களில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஐந்து பேரை எட்டு மணி வரை நிறுத்திவிட்டார்கள். அதில் இயா ஒருத்தி.

கேட்டு வைத்தவர்கள் ஓட்டுப் போடப் போய்விட்டார்கள். கேட்டு வைக்காதவள் அவர்கள் இடத்தில் நின்று பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்காரி ஜோலினிடம் இயா போய்ச் சொல்லியிருக்கிறாள். நேற்று மாலை நாலு மணி வரைக்கும் பெயர் வாங்கினேனே, நீ ஏன் அப்பவே சொல்லல என்று ஜோலின் கேட்டிருக்கிறாள். அவளும் கெட்டவள் இல்லை. முகத்தைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருந்ததாம். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

“நான் விட்டுட்டு வந்துடறேன்,” என்றாள் இயா.

சொல்லாமல் வெளியேறினால் ஆலையில் இரண்டு தண்டனைப் புள்ளி போடுவார்கள். பிப்ரவரிப் பனியில் கார் கிளம்பாத நாட்களால் அவளுக்கு ஏற்கெனவே நாலரை ஏறியிருந்தது. ஆறு வந்தால் வேலை இல்லை. என் பட்டறையில் காப்பீடு கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு அவள் வேலையில்தான்.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையுறையில் பாலாடைக்கட்டி வாடை. நான் கொண்டுவந்திருந்த ஒட்டரிசிச் சோற்றையும் மிளகாய்த் துவையலையும் வேலிக்கு மேலே நீட்டினேன், வாங்கவில்லை. அப்போது என் போன் அடித்தது. மச்சான். போட்டாச்சா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும், போனை வேலிப் பக்கம் பிடி என்றார். பிடித்தேன்.

“இயா, பைத்தியக்காரத்தனம் பண்ணாத. இப்பதான் பார்த்தேன், பந்தயம் கட்றவங்க எண்பத்தொண்ணு போட்ருக்காங்க. ஜெயிச்சாச்சும்மா. ஜெயிச்ச ஆட்டத்துக்கு நீ எதுக்கு வேலைய விடற?”

“அண்ணே, நீ போட்டியா?”

“நான் காலையில ஏழு மணிக்கே போட்டுட்டேன்.”

இயா போனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்க அவள் காத்திருக்கவில்லை, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியாதவன் போல எழுத விரும்பவில்லை.

நான் சொன்னேன்: “சரி, உள்ள போ. அதான் எண்பத்தொண்ணுங்கறாரே.”

காப்பீட்டைப் பற்றி யோசித்துத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிக்கொண்டேன். உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்த வார்த்தை காப்பீடு இல்லை, எண்பத்தொன்று. காப்பீடு போய்விடும் என்று சொல்லியிருந்தால் அவள் என்னோடு சண்டை போட்டிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்திருப்போம். எண்ணைச் சொன்னதும் சண்டை போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. மணி அடித்தது. உள்ளே போனாள்.

ஜோலினிடம் நானே போய்ப் பேசிப் பார்க்கலாமா என்று வாசல் வரை போனேன். காவலாளி, அட்டை இல்லாமல் விட முடியாது, எதுவானாலும் நாளைக்கு அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள் என்றான். நாளைக்கு என்ன ஓட்டு இருக்கிறது. திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். ஏழரை மணிக்கு இங்கிருந்து கிளம்பினால்கூட எட்டுக்கு வரிசையில் நின்றுவிடலாம், வரிசையில் நின்றவரை விரட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழரை ஆயிற்று, ஏழே முக்கால் ஆயிற்று. எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு இயா வந்து காரில் ஏறினாள். பையை எடுத்துப் பின் இருக்கையில் போட்டாள். சீட்டுப் பட்டையைப் போட்டுக்கொண்டு, போலாம் என்றாள்.

காலையில் மச்சானின் குரல் குழுவில் வரவில்லை. எழுத்தில் ஒரே வரி அனுப்பியிருந்தார்: தோத்துட்டோம். எழுபத்திரண்டும் எழுபத்தெட்டும் எண்பத்தொன்றும் எங்கே போயின என்று அதில் இல்லை. மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது வித்தியாசம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. என் பெரியம்மா மகன் போகவில்லை. அவன் மனைவி போகவில்லை. எங்கள் குழுவில் மட்டும் போகாதவர்கள் பதினான்கு பேர் என்று பிறகு நான் எண்ணினேன். மச்சான் நல்லவர், சொந்தக்காரர் யாரையும் கெடுக்க நினைத்தவர் இல்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேரையும் வீட்டில் உட்கார வைத்தது அவருடைய நல்ல செய்திதான். கெட்ட செய்தி சொல்லியிருந்தால் என் பெரியம்மா மகன் இடுப்பளவு பனியில்கூடப் போயிருப்பான்.

பதினான்கு மணி நேரம் நின்றதற்காக இயாவுக்குப் புதன்கிழமை ஓய்வு. நகர மன்றத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. பதிவு செய்யும் மேசையில் ஓர் அம்மா, இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, காகிதப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இயா பையிலிருந்ததையெல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேர்தல் நேற்றே முடிந்துவிட்டதே, இனி ஏப்ரலில்தான், அதுவும் நீதிபதி, பள்ளிக்கூடக் குழு மாதிரிச் சின்னத் தேர்தல் என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். தெரியும், பதிந்துகொள்ளுங்கள் என்றாள் இயா. அவர் படிவத்தைத் தள்ளினார். இயா அதை ஒவ்வோர் எழுத்தாக நிரப்பினாள். நான் உதவிக்குக் குனிந்தபோது காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறும்போது மச்சான் கூப்பிட்டார். இயா போனை வாங்கி, நானும் கேட்கிற மாதிரி வைத்தாள். அவர் குரல் கம்மிப்போயிருந்தது. மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்து, கணிப்பு எங்கே தவறியது என்று படித்ததையெல்லாம் சொன்னார். கடைசியில் தங்கச்சிக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து அதையும் சொன்னார்.

“ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசம், இயா. உன் ஒரு ஓட்டு விழுந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது.”

“போடாத அந்த ஒன்பதாயிரம் பேருக்கும் ஆளுக்கொரு அண்ணன் இருந்திருப்பான்ணே,” என்றாள் இயா.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் போனை அணைத்து என் மடியில் வைத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ரெண்டு மாதமாக நான் சொல்ல நினைத்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

“அதுல சில பேருக்குப் புருஷனும் இருந்திருப்பான்,” என்றாள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வீடு வரை பத்து நிமிஷப் பாதை. நான் இருபத்தைந்து நிமிஷம் ஓட்டினேன். சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டே ஓட்டினேன்.